இரண்டாம் பாகத்தில் இல்லாதவர்கள்

இந்தக் கோடை விடுமுறையில் மூன்று நாட்கள் கரியாலூரில் தங்கியிருந்தோம். பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த அலுப்பு இருவர் கண்களிலும் மிச்சமிருந்தது. நாங்கள் இருவரும் தமிழ் படித்து, ஒரே கல்லூரியில் தமிழ் கற்பித்துக் காலம் தள்ளுபவர்கள். கச்சிராயபாளையம் வந்து கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. வளைவுகளில் ஏற ஏற, கரும்பும் நெல்லுமாய்க் கிடக்கும் சமவெளி கீழே புகைபோல மங்குகிறது.

கல்வராயன் மலைக்கு ஏற்காட்டின் பெயரோ ஏலகிரியின் கூட்டமோ இல்லை. படகுத்துறை, சிறுவர் பூங்கா, சற்றுத் தள்ளி அருவிகள், கடுக்காயும் தேனும் விற்கும் கடைகள், மரவள்ளிக் காடுகள், அவ்வளவுதான். சமவெளிக்காரர்களுக்கு இம்மலை பெரும்பாலும் நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்தில்தான் அறிமுகம். ஊறல் அழிப்பு, பேரல் பறிமுதல், இருவர் தப்பியோட்டம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோதும் பலருடைய கை முதலில் இம்மலையைத்தான் சுட்டியது. அங்கே உயிர் குடித்தது மெத்தனால். ஆலைகளிலிருந்து கிளம்பும் அந்தப் பொருள் மலையின் ஊறல் பானையில் பிறப்பதில்லை. ஆனால் குற்றக்கதைக்கு ஓர் இருண்ட மலை தேவைப்படுகிறது. அங்கே வாழ்பவர்கள் அதற்குத் தேவைப்படுவதில்லை.

இந்த எண்ணம் வருவதற்குக் காரணம் கையிலிருந்த புத்தகம். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய ஆங்கில நாவல் அது: ஜொனாதன் காஷ் எழுதிய 'கோல்ட் ஃப்ரம் ஜெமினி', 1978-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'தி ஜூடாஸ் பேர்' நாவலின் தொடர்ச்சி. இரண்டிலும் கதை சொல்பவன் லவ்ஜாய் என்னும் பழம்பொருள் வியாபாரி. அசல் பொருளின் அருகில் வந்தாலே அவன் உடல் அதை உணர்ந்துவிடும். அத்தனை நுட்பமான உணர்வுள்ளவன், மனிதர்களிடம் மட்டும் கரடுமுரடாக நடந்துகொள்வான். கடன் சொல்வான், பொய் சொல்வான், ஏமாற்றுவான். பின்னாளில் பிபிசி தொலைக்காட்சித் தொடர் அவனை இனிய போக்கிரியாக்கிவிட்டது. நாவலில் இருப்பவன் அப்படி இல்லை. முதல் நூலில் புராணம் போலப் பேசப்படும் ஒரு சோடித் துப்பாக்கி. இரண்டாவதில் ரோமானியக் காலத்துப் பொன், அதைத் தேடி மான் தீவுக்கு ஒரு பயணம். இடையே கொலை.

நம் தலைமுறைக்கு இது புதிய உலகமன்று. பாக்கெட் நாவல்களில் சிலை கடத்தல் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பேருந்து நிலையக் கடையில் வாங்கி, ஊர் சேர்வதற்குள் முடித்துவிடுவோம். கடைசி அத்தியாயத்தில் சிலை கிடைத்துவிடும். கை விலங்கோடு வில்லன் ஒரு வசனம் பேசுவான். நாமும் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவோம்.

இரண்டாம் நாள் மாலை, விடுதி வாசலில் நாற்காலி போட்டு நாவலின் கடைசிப் பக்கங்களை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தேநீர் கொண்டுவந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"என்ன பொஸ்தகம் சார் அது, ரெண்டு பேரும் விடாம படிக்கிறீங்க?"

"பழைய சாமான் வாங்கி விக்கிற ஒருத்தனோட கதைங்க ஐயா. வெளிநாட்டுக் கதை."

"அந்த மாதிரி ஆளுங்க இங்கயும் வருவாங்க சார். உரலு, மரக்கா, கதவு நெலவு, எதுன்னாலும் கேப்பாங்க. எங்க அண்ணன் ஒரு மரக்காவக் குடுத்துட்டாரு. தாத்தன் காலத்து மரக்கா. சாமை அளக்கறப்பல்லாம் இன்னிக்கும் அது நெனப்புத்தான் வருது." தேநீர் தம்ளரை வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "அந்தக் கதையில குடுத்தவங்க வர்றாங்களா அம்மா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாங்குபவர்கள் வருகிறார்கள், விற்பவர்கள் வருகிறார்கள், போலி செய்பவர்களும் கொல்பவர்களும் வருகிறார்கள். ஒரு பொருளைப் பறிகொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்கள் எங்கள் மனத்தில் தங்கும் அளவுக்கு வரவில்லை. "அவ்வளவா இல்லீங்க ஐயா" என்றோம். "அப்ப அது பாதிக் கதைதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதினேழு ஆண்டுகளாக நாங்கள் பேசாமல் வைத்திருந்த ஒன்றைப் பேசத் தொடங்கினோம்.

2009-இல் அப்பா காலமானபின், தியாகதுருகத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கூரை ஒழுகியது. கல்லூரி வேலையில் அடிக்கடி போய்வர முடியவில்லை. ஒரு சனிக்கிழமை வேனில் ஒருவர் வந்தார். நயமாகப் பேசினார். வெண்கலக் குத்துவிளக்கு ஒன்று, அடுக்குப் பானைகள், பூவேலைப்பாடு செய்த நிலைக்கதவு, பரண்மேல் சிவப்புத் துணியில் சுற்றியிருந்த ஏட்டுச் சுவடிக் கட்டு, எல்லாவற்றுக்குமாக ஒரு தொகை சொன்னார். அப்போது அது பெரிய தொகையாகத் தெரிந்தது. புறப்படும் முன் ஒரு தாளை நீட்டினார். இவை எங்கள் குடும்பத்துப் பரம்பரைச் சொத்து, மனமொப்பி விற்கிறோம் என்று தட்டச்சு செய்திருந்தது. பொருட்களின் பட்டியல் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. "அப்புறம் நிரப்பிக்கிறேன் சார், ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றார். இருவரும் கையெழுத்திட்டோம்.

சுவடி விற்றது வெட்கம். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் உருகிப் பேசுகிறவர்கள், சொந்தப் பரணில் இருந்த கட்டை ஒருமுறைகூட அவிழ்த்துப் பார்க்காமல் எடைக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தோம். அதில் வாகடம் இருந்ததா, சோதிடமா, ஏதேனும் ஒரு புராணமா, இனி எங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அன்றிரவு எங்களை அச்சுறுத்தியது அந்தக் காலியிடம். எங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் அவர் எதை எழுதியிருப்பார்? ஒரு விளக்கையும் கதவையும் மட்டுமா?

பழம்பொருள் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த அச்சம் விளங்கும். அந்த வணிகத்தில் பொருளைத் திருடுவதைவிடக் கடினமான வேலை, அதற்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் செய்வது. நம் நாட்டில் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் எழுபத்தைந்தாண்டுக்கு மேற்பட்ட சுவடியும் தொல்பொருள். அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆகவே இந்தச் சட்டத்துக்கு முன்பே, அல்லது யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970-க்கு முன்பே, பொருள் இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் ஒரு தாள் சந்தைக்குத் தேவைப்படுகிறது. உள்நாட்டிலோ, ஏதோ ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சொத்து என்று சொல்லும் தாள் போதும். எங்களைப் போன்ற, யாரும் சந்தேகிக்காத, சம்பளம் வாங்குகிற மனிதர்களின் கையெழுத்துள்ள தாள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் 2006-இல் களவு போனார். வழிபாடு குறைந்து பூட்டியே கிடந்த கோயில். களவு போனதே 2008-இல்தான் வெளியே தெரிந்தது. அதே 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்தப் படிமத்தை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர். படிமம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முறையாக இந்தியாவிலிருந்து வெளியேறியதாகக் காட்டும் தாள்கள் உடன் இருந்தன. அவை போலி. கபூர் 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட்டில் பிடிபட்டு, 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான் களவுகளை ஒட்டித் தொடங்கிய விசாரணையின் முடிவில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நடராசர் 2014-இலேயே திரும்பிவிட்டார். இந்தக் கதையை எஸ். விஜயகுமார் 'தி ஐடல் தீஃப்' என்ற பெயரில் 2018-இல் நூலாக எழுதினார். எந்தக் குற்றப் புனைவுக்கும் குறையாத விறுவிறுப்பு அதில் உண்டு.

எங்களுக்கு இன்னும் அருகிலும் ஒரு கதை இருக்கிறது. கள்ளக்குறிச்சி வட்டம் வீரசோழபுரத்துச் சிவன் கோயில். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. பாழடைந்த அந்தக் கோயிலின் செப்புப் படிமங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956-இல் படம் எடுத்து வைத்திருந்தார்கள். நிறுவனம் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம். யாரோ ஒரு புகைப்படக்காரர் படிமங்களை வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பின்னர் படிமங்கள் காணாமல் போயின. அவற்றுள் ஆறு அமெரிக்காவில் இருப்பதாக, அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-இல் அறிவித்தது. 2026 சனவரியில் வாசிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம், தமிழகத்தின் மூன்று செப்புப் படிமங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மூன்றில் ஒன்று வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையும்.

சுந்தரர் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான் வந்தது. தமிழ் படித்த எவருக்கும் அது வரும். அவர் பிறந்த திருநாவலூர் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் வாழ்வின் திருப்பமே ஓர் ஆவண வழக்கு. திருமணப் பந்தலில் கிழ வேதியர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார். மணமகன் ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. நீ கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சபையோர் பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். சேக்கிழார் இந்த இடத்தில் மூன்று வகைச் சான்றுகளைப் பேசவைக்கிறார்: ஆட்சி, ஆவணம், காட்சி. வழிவழியாக வரும் வழக்கம், எழுத்து, கண்டவர் சாட்சி.

ஆண்டுதோறும் தடுத்தாட்கொண்ட புராணத்தை வகுப்பில் நடத்துகிறோம். அது இறைவன் அடியாரை ஆட்கொண்ட கதை என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்தச் சுந்தரரே செம்பாகி, பொய்யான கதையொன்றின் துணையோடு கடல் கடந்து, தம் ஊரிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படத்தால் அடையாளம் காணப்பட்டுத் திரும்பும் நிலைக்கு வந்திருக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தபோது, பாடம் தலைகீழாகத் திரும்பியது. இந்த வழக்கில் மூலவோலை 1956-ஆம் ஆண்டுப் புகைப்படம். சந்தை நம்பியது படியோலையை. ஆட்சி, அதாவது வழிபாடு, அறுந்துபோயிருந்தது. கண்ணால் கண்டவர் எவரும் நீதிமன்றத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. எஞ்சியிருந்தது ஆவணம் ஒன்றுதான்.

பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டியது. எங்கள் கையெழுத்து யாரைக் கட்டியிருக்கிறது? வேறேதோ ஊரின் அம்மன் எங்கள் வீட்டுப் பரம்பரைச் சொத்தாகப் பட்டியலில் ஏறி எங்கேனும் போயிருந்தால்? இதற்குச் சான்று ஏதும் இல்லை. அப்படி நடக்கவில்லை என்பதற்கும் எங்களிடம் சான்று இல்லை.

பெரியவர் சொன்ன பாதிக் கதைக்கு இப்போது வருகிறோம். பழம்பொருள் உலகைச் சுற்றிவரும் குற்ற நாவல்கள், பொருள் கிடைக்கும்போதோ அது போலி என்று தெரியும்போதோ முடிகின்றன. டேஷியல் ஹாமெட் 1930-இல் எழுதிய 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலில், அத்தனை பேர் உயிரை வாங்கிய பருந்துச் சிலை கடைசியில் போலி என்று தெரிகிறது. அசல் எங்கோ இருக்கிறது. கதை அங்கே நின்றுவிடுகிறது. நம் ஊர்களில் கதை தொடங்குவதே அந்த இடத்தில்தான். கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1950-களில் பழுதுபார்க்கக் கொடுத்த நடராசருக்குப் பதிலாக ஒரு நகல் கோயிலுக்குத் திரும்பியது. ஊர் அந்த நகலுக்கு அபிடேகமும் ஆரத்தியும் செய்தது. அசல் கைமாறி, கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்குப் போய், நீண்ட வழக்குக்குப்பின் 1986-இல் மீண்டது. இத்தனை ஆண்டு நகலின்முன் கைகூப்பிய ஒரு கிழவியின் பக்தி எந்தக் கணக்கில் சேரும்? எங்கள் கேள்விக்கு எந்தத் துப்பறிவாளனும் பதில் சொன்னதில்லை.

பத்தூர் நடராசர் வழக்கிலும் அப்படித்தான். 1976-இல் மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் கையில் கிடைத்து, பல கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தது அந்தப் படிமம். இடிந்து கிடந்த கோயிலையே சட்டப்படி ஓர் ஆளாக ஏற்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1991-இல் நடராசர் திரும்பினார். உலகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கப்படும் வழக்கு அது. மீண்டு வரும் படிமங்கள் பலவும் தம் பீடத்துக்குத் திரும்புவதில்லை. கோயிலில் காவல் இல்லை, கதவு இல்லை, பூசைக்கு ஆள் இல்லை. ஆகவே கம்பிக் கதவு போட்ட பாதுகாப்பு மையங்களில் எண் எழுதிய சீட்டோடு வரிசையாக நிற்கின்றன. நியாயம் இல்லாமல் இல்லை, மறுபடி திருட்டுப் போகக் கூடாதே. இருந்தாலும், திரும்பி வந்தவர் வீட்டுக்கு வராமல் அடுத்த ஊரில் தங்கியிருப்பதைப் போன்ற ஒரு துக்கம் அந்த ஊர்களுக்கு உண்டு. இருண்ட கதை என்றால் இதுதான் இருண்ட கதை. இதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, ஒரு வெற்றுப் பீடம் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டாம் பாகத்தை நம்மில் யாரேனும் எழுத வேண்டும். லவ்ஜாயின் நுண்ணுணர்வு இதற்கு உதவாது. மரக்கால் போன வீட்டில் சாமை அளக்கிறவரின் நினைவு வேண்டும்.

மறுநாள் காலை புறப்படும்போது பெரியவர் ஒரு பாட்டில் தேன் கொடுத்தார். பணம் கொடுத்தபோது எண்ணிப் பார்த்து, மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "கத முடிஞ்சிதாம்மா?" என்றார். "முதல் பாதி முடிஞ்சிது ஐயா" என்றோம். சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய புகைப்பட ஆல்பங்களை இறக்கினோம். கரையான் பாதி தின்றிருந்தது. மிஞ்சியதில் ஒன்று 1990-களில் எடுத்த சரசுவதி பூசைப் படம். அரைக்கால் சட்டையில் ஒரு சிறுவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பின்னால் அந்தக் குத்துவிளக்கு எரிகிறது. பாடப் புத்தகங்களின்மேல் சந்தனம் வைத்த சிவப்புத் துணிக் கட்டு, அப்பாவின் கைக்கு அருகில். துணியின் ஒரு முனை விலகி, ஓலைகளின் ஓரம் தெரிகிறது. அத்தனை ஆண்டும் அது பூசைக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆட்சி இருந்தது, காட்சிக்கு நாங்கள் இருந்தோம். அவிழ்த்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்தப் படத்தின் நகலோடு, விற்ற பொருட்களின் பட்டியலையும் ஆண்டையும் காலியாக விட்டுக் கையெழுத்திட்ட தாளின் விவரத்தையும் எழுதி, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். எங்கள் பெயரில் இவையன்றி வேறெந்தப் பொருளும் விற்கப்படவில்லை என்பது அதன் கடைசி வரி. எழுதும்போது ஒருவர் கை நடுங்கியது, மற்றவர் தாளைப் பிடித்துக்கொண்டோம். இதனால் எங்களுக்கு ஏதேனும் தொல்லை வந்தால் வரட்டும். ஒருநாள் யாரோ ஓர் அதிகாரி ஒரு போலித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கையெழுத்தைப் பார்க்க நேர்ந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வேறோர் ஓலை இருக்கும்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது பரணில் இருப்பதைக் கீழே இறக்கி, துணியை அவிழ்த்து, வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். ஊர்க்கோயில் குருக்களிடமோ பூசாரியிடமோ அனுமதி கேட்டு, உற்சவ மூர்த்திகளையும் எடுங்கள். தேதியை எழுதி, ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் அதன் பிரதியைக் கொடுத்துவையுங்கள். வீரசோழபுரத்துக்கு 1956-இல் யாரோ ஒருவர் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.